ஐந்து மணி என்று எழுதினேன்

என் தம்பி மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, லீவு கேட்கத் தயக்கமாக இருந்தது. காலையில் ஆராதனை முடிந்து சேக்காட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் விருந்து. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு, தம்பியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அவனும் அவன் கம்பெனி நண்பர்களும் ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் கையிலும் பேப்பர் கப். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

"வண்டி எடுக்காதடா இன்னைக்கு" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

அவன் நண்பர்கள் முன்னால் அவனைக் கண்டிக்க எனக்கு மனமில்லை. மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். சிரித்தபடிதான் சொன்னேன். அவனும் சிரித்தான். கார்ச் சாவி அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டி வாங்கியிருக்கலாம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

மூன்றே முக்கால் மணிக்கு ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும். வெள்ளானூர் ரோட்டில் சைக்கிளில் வந்தவரைக் கார் ஒன்று அடித்துப் போட்டிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து எலும்பு வெளியே தெரிந்தது. பேன்ட்டைக் கத்தரித்து எடுத்து, காயத்தைக் கழுவி, கட்டையை வைத்துக் கட்டியது நான்தான். நினைவோடுதான் இருந்தார். அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, வீடு கோவில்பதாகை என்றார். பிறகு, நான் கேட்காமலே, திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்.

"ஆடிக்கினே வந்துச்சு சிஸ்டர் அந்த வண்டி. நான் ஓரமாத்தான் போய்க்கினு இருந்தேன். எறங்கி நிக்க முடியல அவனால, அப்டியே கீழ குந்திட்டான். சரக்கு நாத்தம். நீங்க எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னேன். டாக்டர் வந்து பார்த்து, இங்கே முடியாது, அறுவை சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். பூச்சி மருந்து குடித்த ஒரு பெண் அங்கே இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க டாக்டர் அந்தப் பெண்ணை விட்டு நகரவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். ஸ்டேஷனில் ஊதுகிற மெஷின் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறதாம், ரத்தம் எடுத்துத் தர வேண்டுமாம். "வெள்ளானூர் ஆக்சிடென்ட்டு கேஸ் சிஸ்டர். டிரைவர இட்டாந்துகீறேன்" என்றார். அவருக்குப் பின்னால் என் தம்பி நின்றான். காலையில் கோயிலில் போட்டிருந்த அதே சந்தன நிறச் சட்டை. முழங்கையில் மண்.

என்னைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தது. நான் மிக லேசாகத் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று. அவன் வாயை மூடிக்கொண்டான். யோசித்துச் செய்ததில்லை அது. ஆனால் அதற்குப் பிறகு செய்தது எல்லாம் யோசித்துச் செய்ததுதான்.

நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம். வண்டி ஓட்டுகிறவருக்கு நம் சட்டம் வைத்திருக்கும் எல்லைக்கோடு அது. அதற்கு மேலே போனால் குற்றம், அது வரைக்கும் இருந்தால் இல்லை. குடித்ததை உடம்பு தானாகவே மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளும் என்பதும், மணிக்குப் பதினைந்து மில்லிகிராம் அளவில் இறங்கும் என்பதும் நர்ஸுக்குப் படித்த எவருக்கும் தெரியும். அதனால்தான் இந்த ரத்தத்தை உடனே எடுக்க வேண்டும், எடுத்த நேரத்தை எழுத வேண்டும். பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சோதனை நடக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்தேன். பக்கத்தில் போனபோதே வாடை வந்தது. கண் சிவந்திருந்தது. போலீஸ்காரரிடம், டாக்டர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும், அவர் விஷம் குடித்த கேஸில் இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அது உண்மை. அடுத்துச் சொன்னது பொய். இந்தச் சோதனைக்குத் தனிக் குழாய் வேண்டும், அது லேபில் இருக்கிறது, லேப் பூட்டியிருக்கிறது, சாவிக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சாம்பல் நிற மூடி போட்ட அந்தக் குழாய்கள் மூன்று எனக்கு முன்னாலேயே டிராயரில் இருந்தன. அவர் டீ குடிக்கப் போன பிறகு அவற்றை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காலொடிந்த மனிதர் படுத்திருந்தார். அவர் மனைவி அதற்குள் வந்துவிட்டாள். வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அன்று ஓவர்டைம் போலிருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்திருந்தாள். அவளிடமும் அவர் அதையே சொன்னார். ஆடிக்கினே வந்தான், நிக்க முடியல. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் தம்பி அதைக் கேட்டான். நானும் கேட்டேன். அவனிடம் வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்து, பாத்ரூமில் போய் நாலைந்து தடவை கொப்பளித்துவிட்டு வா, பைப் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். பால் இல்லாத காப்பி கொடுத்தேன். இதெல்லாம் ரத்தத்தில் இருக்கும் அளவைக் குறைக்காது என்று தெரியும். வாடையையும் தள்ளாட்டத்தையும் கொஞ்சம் மறைக்கும். ரத்தத்துக்கு வேண்டியது நேரம் மட்டும்தான். அதைத்தான் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு அந்த மனிதரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் குடிச்சிருந்தானா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்மா" என்றேன்.

ஆறு நாற்பதுக்கு டாக்டர் வந்தார். மூன்று மணி நேரம் ஒரு உயிரோடு போராடிய களைப்பு முகத்தில் இருந்தது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். தம்பியை எழுந்து நிற்கச் சொன்னார், கோடு போட்டது போல் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தான். லேசான வாடை, நிதானம் தவறவில்லை என்று எழுதினார். குழாய் கிடைத்துவிட்டது என்று சொல்லி நான் ரத்தம் எடுத்தேன். இந்த ரத்தத்தை எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அதிலிருக்கும் ஆல்கஹால் கலந்து அளவு கூடிவிடும். அந்த விதியை மட்டும் மிகக் கவனமாகப் பின்பற்றினேன்.

பிறகு ரெஜிஸ்டரை எடுத்து, மாதிரி எடுத்த நேரம் என்ற இடத்தில், ஐந்து மணி என்று எழுதினேன். குழாயின் மேல் ஒட்டும் சீட்டிலும் அதையே எழுதினேன். டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போலீஸ்காரர் மணி பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

ஆறேழு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. இருபத்தேழு. எல்லைக்கு மூன்று கீழே. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எடுத்திருந்தால் ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவன் அந்த மனிதரை அடித்த மூன்றேகால் மணிக்கு எண்பது இருக்கலாம். ஆனால் தாளில் இருந்தது இருபத்தேழு. குடிபோதையில் ஓட்டிய குற்றம் கேஸிலிருந்து போனது. கவனமில்லாமல் ஓட்டியது என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. அதையும் தம்பியின் வக்கீல், சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே திரும்பியதால்தான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

தம்பி எங்கள் பேக்டரி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. அம்மா அழுதாள். "நீ மட்டும் அன்னைக்கு அங்க இல்லன்னா அவன் வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்" என்றாள். என் கணவர் பேக்டரியிலிருந்து வந்ததும் அவருக்கும் விஷயம் தெரிந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த ஆளுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

ஏனென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பிய பிறகு, அவர் வாரம் இரண்டு முறை புண்ணுக்குக் கட்டு மாற்ற எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தார். ஆட்டோவில் மனைவி கூட்டிக்கொண்டு வருவாள். காயம் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. பல நாள் நான்தான் கட்டுப் போட்டேன். மற்ற நர்ஸுகளைவிட என் கை பதமாக இருக்கிறது என்று அவர் சொல்வார். அதைக் கேட்கும்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எங்காவது போய்விடலாம் போல இருக்கும்.

ரிப்போர்ட் வந்த விஷயம் அவர்களுக்கும் தெரிந்தது. அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "அளவுக்குள்ளதான் குடிச்சிருந்தானாம் சிஸ்டர். எங்க வக்கீலே சொல்றாரு. அந்த அளவு குடிச்சா ஆள் ஆட மாட்டானாமே? இவுரு இன்னாடான்னா நிக்க முடியாம குந்திட்டான்னு சொல்லிகினே கீறாரு."

நான் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஆள் மாறும் என்று ஏதோ சொன்னேன்.

"வலியில இவுருக்கு அப்டித் தோணியிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் கட்டிலில் இருந்தவருக்கு அது கேட்டது. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதுவரை என் தவறுக்கு ஓர் எல்லை வைத்திருந்தேன். கால் உடைந்தது உடைந்ததுதான், தம்பி ஜெயிலுக்குப் போனால் அது ஒட்டிக்கொள்ளப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்தச் சமாதானம் போய்விட்டது. அந்த மனிதர் கண்ணால் கண்டதைச் சொல்லியிருந்தார். அவர் பெண்டாட்டியே அவரை நம்பாதபடி நான் செய்திருந்தேன்.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கட்டைப் போட்டு முடித்து, அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்றேன்.

அந்த வியாழக்கிழமை மனைவி மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். கட்டுப் போடும் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் பழைய கட்டைப் பிரிக்க அவர் காலை நீட்டிக்கொடுத்தார். பிறகு கேட்டார்:

"சிஸ்டர், நாந்தான் தப்பாத் திரும்பிட்டனோ?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் காலைப் பார்த்துக் கேட்டார். ஓரமாகத்தான் போனேன் என்று அன்று அத்தனை உறுதியாகச் சொன்ன மனிதர். லேத்தில் நின்று வேலை செய்தவர், இனி நிற்க முடியாது என்று பட்டறையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்த வேலை போனதற்குக்கூட அவர் இப்படிக் குரல் இறங்கிப் பேசியதில்லை.

இல்லை, நீங்கள் திரும்பவில்லை என்று சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதைப் போல நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் கோயிலுக்குப் போகாமல் ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்து கோவில்பதாகையில் இறங்கினேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து விலாசம் எடுத்து வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. அவர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மனைவி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நர்ஸ் வீடு தேடி வந்திருக்கிறாளே என்று சந்தோஷம் வேறு. காப்பி போடப் போனவளை, வேண்டாம் உட்காருங்கள் என்றேன்.

வழி நெடுக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"உங்களை அடிச்சது என் தம்பி" என்று தொடங்கிவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை ஒளித்தது, வாய் கொப்பளிக்கச் சொன்னது, ஆறு நாற்பதுக்கு எடுத்துவிட்டு ஐந்து என்று எழுதியது. அவர் பார்த்ததெல்லாம் நிஜம், அவன் நிற்க முடியாமல்தான் இருந்திருப்பான் என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டே இதைச் செய்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் டிவியை அணைத்தார். மனைவியின் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான். கோபமே இல்லை. பல மாதமாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மூச்சைத் தாங்க முடியவில்லை.

அந்த அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. "இந்தக் கையாலதான கட்டுப் போட்டீங்க இத்தினி நாளா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் வேறு குரலில் கேட்டாள்:

"இப்ப சொன்னத எழுதிக் குடுப்பீங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நான் அதற்காகப் போகவில்லை. அழுவேன், அவர்களும் அழுவார்கள், பாரம் இறங்கும், திரும்பி வருவேன் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். எழுதிக் கொடுத்தால் வேலை என்னாகும், தம்பி என்னாவான் என்பதுதான் அந்த நிமிடமும் மனத்தில் ஓடியது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இல்லை. அப்படித்தான் சொல்வாய் என்று தெரியும் என்பது போல இருந்தது.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் எழுதி, ஒரு பிரதியைத் தலைமை மருத்துவரிடமும் ஒன்றை ஸ்டேஷனிலும் ஒன்றை அவள் கையிலும் கொடுத்தேன். தம்பிக்கு முதலில் நானே போன் செய்து சொன்னேன். "ஒரு அக்கா செய்யற வேலையாக்கா இது?" என்று கேட்டான். முதலில் செய்ததும் அக்கா செய்த வேலைதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டான்.

சஸ்பென்ட் செய்தார்கள். விசாரணை நடந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்த டாக்டரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் செய்த குற்றம், ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டுக் களைப்பாக இருந்தது மட்டும்தான். ஏழு மாதம் கழித்து, என் சம்பள உயர்வை நிறுத்தி, என்னைப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். வேலை மிஞ்சியதே அதிகம். நர்ஸ் பொய் நேரம் எழுதியதை வைத்து ரத்தத்தில் இருந்த அளவைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. குடிபோதைக் குற்றம் திரும்ப வரவில்லை. ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கில் என் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள்காரர் குறுக்கே திரும்பினார் என்ற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

தம்பி என்னோடு பேசுவதில்லை. அவன் காரை விற்றுவிட்டான் என்று அம்மா சொன்னாள். குடிப்பதை விட்டானா என்று நான் கேட்கவில்லை. அம்மா என் வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், போகும்போது அவன் மகன் நடக்க ஆரம்பித்துவிட்டதைச் சொல்கிறாள். அந்தக் குழந்தையை நான் ஞானஸ்நானத்தன்று தூக்கியதுதான்.

போன வாரம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் சைக்கிள்காரரின் மனைவியைப் பார்த்தேன். பார்க்காதது போலப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள். அவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், ஒரு குடோனில் கேட் பக்கம் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சிஸ்டர் என்றும் கூப்பிடவில்லை.

"வர செவ்வாக்கெயம வாய்தா. உங்கள விசாரிப்பாங்களாம். காலைலயே வந்துடுங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன். அவள் பஸ் வந்தது. ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.